அமைச்சர் சொன்ன இரண்டு பதில்கள்

சட்டமன்றத்தில் பேசுவதையெல்லாம் வார்த்தை பிசகாமல் எழுதுகிற வேலை அங்கயற்கண்ணிக்கு. ஒருநாள் கேள்வி நேரம் முடிந்ததும் தொழில், நுகர்வோர் துறைகளின் அமைச்சர் பரஞ்சோதி அவரைக் கூப்பிட்டு அனுப்பினார்.

விஷயம் இதுதான். நம் தொழில்கள் வெளிமாநிலத்தோடு போட்டி போடுமா என்று கேட்டபோது, "இங்கே ஆள் பஞ்சமே இல்லை" என்று அமைச்சர் மார்தட்டினார். பத்தே நிமிடத்தில், நுகர்வோர் புகார்கள் ஏன் கிடப்பில் கிடக்கின்றன என்று கேட்டதற்கு, "விசாரிக்க ஆளே கிடைக்கலை" என்று கையை விரித்துவிட்டார்.

"ரெண்டும் ஒண்ணோட ஒண்ணு முட்டக்கூடாதும்மா. நான் சொன்னதுல ஒரு வார்த்தையும் மாறக்கூடாது. முடியலைன்னா உங்களுக்கு வேற ஊர்தான்!"

"முடியும் ஐயா. சபை சிரிச்சா அடைப்புக்குறிக்குள்ள 'சிரிப்பு'ன்னு போடுவோமில்லையா? ஒரு பதிலுக்குப் பக்கத்துல அதைப் போட்டுட்டா, ஐயா விளையாட்டாச் சொன்னதா ஆயிடும்."

"பலே! உடனே போடுங்க!"

அங்கயற்கண்ணி பேனாவைத் திறந்தார். "எந்தப் பதிலுக்கு ஐயா?"

அமைச்சர் முதலாளிகளை நினைத்தார். ஓட்டுப் போடுகிறவர்களையும் நினைத்தார். மேசையில் இருந்த டீ ஆறி ஆடை கட்டியது.

"இருக்கிறபடியே இருக்கட்டும்" என்றார்.

மறுநாள் எதிர்க்கட்சி உறுப்பினர் எழுந்து இரண்டு பதில்களையும் அடுத்தடுத்து வாசித்தார். அப்போது சபை சிரித்த சிரிப்பை அங்கயற்கண்ணி முறைப்படி அடைப்புக்குறிக்குள் போட்டார்.