வகுபடாத மந்தை

கணக்கு தெரியாதவர்களால் உலகத்துக்குப் பெரிய கெடுதல் எதுவும் வந்ததில்லை. பெத்தணன், சங்கிலி, மாடக்கண்ணு மூவருக்கும் ஒரு நாள் காலையில் கணக்கு தெரிந்துவிட்டது.

மூவரும் ஜமீன் ஆடுகளை மேய்ப்பவர்கள். மந்தையில் தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றேழு ஆடுகள். ஓர் ஆடு குறைந்தாலும் மேய்ப்பவர் மீசையை வழித்துவிடுவதாக ஜமீன்தார் சொல்லியிருந்தார். மீசையைத் தவிர மூவருக்கும் பெருமைப்பட வேறொன்றும் இல்லை.

அன்று ஆடுகளை எண்ண வந்த கணக்கப்பிள்ளை, "அடடா, இது பகா எண்ணப்பா! ஒன்றால் வகுபடும், தன்னால் வகுபடும். வேறு எந்தக் கொம்பனாலும் இதைச் சமமாகப் பங்கு போட முடியாது" என்று வியந்துவிட்டுப் போனார்.

மூவரும் சோதித்தார்கள். மந்தையை இரண்டாகப் பிரித்தால் கடைசியில் வந்த நொண்டி ஆடு மிஞ்சியது. மூன்றாகப் பிரித்தாலும் அதுவே, நான்காகப் பிரித்தாலும் அதுவே.

"அப்ப திருட்டுப் பயமே இல்லை," என்றான் பெத்தணன். "திருடுனா பங்கு போடணுமில்ல? பங்கே போட முடியாதத எவன் திருடுவான்?"

"ஒருத்தனே வந்தா?" என்றான் சங்கிலி.

"இத்தன ஆட்ட ஒத்த ஆளு ஓட்டுவானா? புத்தியோட பேசுடா."

"ஆளுக்கு ஒண்ணுன்னு எல்லாத்துக்கும் ஆள் வந்தா?"

"அத்தன திருடனுக்கு நம்ம சீமையில எங்கடா போறது?"

பட்டிக் கதவைத் திறந்து போட்டுவிட்டு, கூழ் குடித்துப் படுத்தார்கள். எழுந்தபோது பட்டியில் புழுக்கைதான் இருந்தது.

பெத்தணன் நெடுநேரம் யோசித்தான். "ஒத்த ஆளால முடியாதுன்னு முன்னமே முடிவு பண்ணிட்டோம். அப்ப தொள்ளாயிரத்துத் தொண்ணூத்தேழு பேரும் வந்துட்டானுங்க. ஒத்த ஆட்டோட எவன் போறானோ, அவனப் பிடிங்கடா!"

சாலையில் ஒருவன் புழுதி பறக்கப் பெரிய மந்தையை ஓட்டிக்கொண்டு போனான்.

"அண்ணே, ஒத்த ஆட்டோட யாராச்சும் போனாங்களா?" என்று கேட்டான் பெத்தணன்.

"இல்லையே தம்பி."

"நம்ம ஆடு மாதிரியே இருக்குடா," என்று சங்கிலி முணுமுணுத்தான்.

"இவருகிட்ட எத்தன ஆடு இருக்கு, கண்ணு தெரியல? பெரிய மனுசன சந்தேகப்படாத."

பெரிய மனுசனுக்கு நொண்டி ஆடு வழியெல்லாம் தொல்லையாக இருந்தது. "பாவம், நீங்களே வச்சுக்குங்க" என்று அதை மாடக்கண்ணுவின் தோளில் ஏற்றிவிட்டு நடையைக் கட்டினான்.

சற்று தூரம் போய்ப் பெத்தணன் திரும்பிப் பார்த்தான். ஒரு ஆள். ஒரு ஆடு.

"பிடிடா அவன!"

"டேய், நான்டா, மாடக்கண்ணு!"

"பேரா முக்கியம்? கணக்கப் பாரு."

மாடக்கண்ணு தோளைத் தடவிப் பார்த்தான். ஒன்றுதான் இருந்தது. "ஆமாண்டா," என்று தலைகுனிந்து கையை நீட்டினான்.

அவனைக் கட்டி ஜமீன்தார் முன் நிறுத்தினார்கள். "ஒருத்தன் சிக்கிட்டான் எசமான். மிச்சம் தொள்ளாயிரத்துத் தொண்ணூத்தாறு. அது மூணால வகுபடுது. ஆளுக்கு முந்நூத்தி முப்பத்திரெண்டு திருடனப் பிடிச்சிருவோம்," என்றான் பெத்தணன்.

ஜமீன்தார் நாவிதரை அழைத்தார். முகத்தில் தண்ணீர் பட்டதும் மாடக்கண்ணு அலறினான். "எசமான், தண்டனை மேய்க்கிறவன் மீசைக்குத்தானே? நான் மேய்க்கிறவன் இல்ல, திருடன்!"

ஜமீன்தார் அவனை விட்டுவிட்டு, பெத்தணனுக்கும் சங்கிலிக்கும் தண்ணீர் தடவச் சொன்னார்.

மற்ற இருவரும் ஈர மீசையோடு ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு பெத்தணன் பணிவாகக் கேட்டான்:

"எசமான், அந்த ஆட்ட எங்க தோள்லயும் கொஞ்ச நேரம் வையுங்க."