மாசிலாமணியின் கழுத்து

ஒரு ஊர்ல ஒரு ராஜா. ராஜாவுக்கு ஒரு அரண்மனை, அரண்மனையில ஒரு பெரிய கூடம், கூடத்துல வரிசையா எழுத்துக்காரங்க. ஆனா கதை ராஜாவைப் பத்தி இல்ல, முகைக்குட்டி. தூணோரமா உக்காந்து எழுதற மாசிலாமணியைப் பத்தி. போர்வையை இழுத்துப் போத்திக்கோ. உங்கம்மா அந்த மேசையில லேப்டாப்பைத் தட்டிக்கிட்டு இருக்கா, அவளை விடு, அவளுக்கு வேலை. இது உனக்கு மட்டும் சொல்ற கதை. மாமா நிறுத்தற எடத்துல நீ "ம்" போடணும்.

"ம்."

மாசிலாமணிக்கு என்ன வேலைன்னா, ராஜா போடற உத்தரவையெல்லாம் நகல் எடுக்கற வேலை. தரையில சம்மணம் போட்டு உக்காருவாரு. முன்னால ஒரு குட்டைச் சாய்வு மேசை. அதுமேல கவுந்துக்கிட்டு கரகரகரன்னு எழுதுவாரு. நியாயமாப் பாத்தா அந்தக் காலத்துல ஓலையைக் கையில புடிச்சுக்கிட்டுதான் எழுதுவாங்க, மேசையே கிடையாது. ஆனா மேசை இல்லன்னா கதையும் இல்ல. அதனால காகிதம்னே வெச்சுக்கோ.

காலையில குனிஞ்சா விளக்கு வெக்கற நேரத்துக்குத்தான் எழுந்திரிப்பாரு. தாகம் எடுத்தா பக்கத்துலயே கூஜா. பசிச்சா பக்கத்துலயே தூக்குச்சட்டி. எவ்வளவு வசதி பாத்தியா!

அப்புறம் ஒரு நாள் கழுத்துல "கடக்"ன்னு ஒரு சத்தம். நிமிரலாம்னு பாத்தா தலை வரல. குனிஞ்சது குனிஞ்சபடியே நிக்குது. தோள்லேர்ந்து நடுமுதுகு வரைக்கும் சுரீர் சுரீர்னு இழுக்குது.

அப்போ பாத்து ராஜா வந்துட்டாரு. திமுதிமுன்னு எல்லாரும் எழுந்து அவர் மூஞ்சியையே ஆன்னு பாக்கறாங்க. மாசிலாமணி மட்டும் தரையைப் பாத்துக்கிட்டு நிக்கறாரு. ராஜா அசந்து போயிட்டாரு. "ஆஹா, என்ன பணிவு! இனிமே இவன்தான் தலைமை எழுத்தன்"னுட்டாரு.

"ம்."

மறுநாள் கூடத்துல யார் தலையும் நிமிரல. மந்திரி கூட கழுத்தைத் தொங்கப் போட்டுக்கிட்டு நடந்தாரு, தூண்ல "ணங்"னு இடிச்சுக்கிட்டாரு.

வீட்டுல என்னாச்சுன்னா, மாசிலாமணிக்கு எல்லாரையும் காலை வெச்சுத்தான் தெரியும். மெட்டி போட்ட கால் வந்தா பொண்டாட்டி செங்கமலம். மண்ணு ஒட்டின குட்டிக் கால் வந்தா மக அல்லி. அல்லி வேப்பமரத்துல ஏறி உக்காந்துக்கிட்டு, "அப்பா, இங்க பாருங்க! எனக்குப் பல்லு விழுந்துடுச்சு!"ன்னு கத்தறா. அப்பாவால தலையைத் தூக்க முடியல.

"எங்கடி, பல்லைக் கீழ போடு, பாக்கறேன்."

"பல்லை இல்லப்பா. என்னையப் பாருங்க."

அன்னைக்கு அவருக்குச் சோறு இறங்கல. உத்தியோகம் எப்படியோ போகட்டும், அந்தப் பொக்கை வாயைப் பாத்துடணும்னு வைத்தியத்துக்குக் கிளம்பிட்டாரு.

"ம்."

மொதல்ல ஒரு வைத்தியர். தைலத்தைக் காய்ச்சி, கழுத்துல ஊத்தி, சளக் சளக்னு தேச்சாரு. ராத்திரி சுகமாத்தான் இருந்துச்சு. காலையில போய் அதே மேசைமேல அதே மாதிரி கவுந்தாரு. வலி வந்து பக்கத்துலயே உக்காந்துக்கிச்சு. செங்கமலம் சொன்னா, "ஊரே மணக்குது, ஈயெல்லாம் வந்து விசாரிச்சுட்டுப் போகுது. தலை மட்டும் நிமிரக் காணோம்."

அப்புறம் ஒரு நாவிதர். "இப்படிக் குடுங்க தலையை"ன்னாரு. இந்தப் பக்கம் ஒரு திருப்பு, அந்தப் பக்கம் ஒரு திருப்பு, மளுக்! இப்போ தலை நிமிர்ந்துச்சா? இல்ல. எடது பக்கமா சாஞ்சு அங்கேயே நின்னுடுச்சு, காக்கா பாக்கற மாதிரி.

ராஜா அதையும் பாத்தாரு. "அடடா! என் பேச்சுக்கு எப்படிக் காதைச் சாய்ச்சுக் கேக்கறான்!"னு இன்னும் பெரிய உத்தியோகம் குடுத்தாரு. பெரிய உத்தியோகம்னா என்ன? இன்னும் நிறைய காகிதம்.

"...ம்."

அப்புறம் ஒரு மத்தியானம் செங்கமலமே சோறு எடுத்துக்கிட்டு அரண்மனைக்கு வந்தா. புருஷன் உக்காந்திருக்கற கோலத்தை வாசல்லேர்ந்து பாத்தா.

"ஏங்க, நோய் உங்க கழுத்துல இல்ல. நீங்க உக்கார்ற லட்சணத்துல இருக்கு."

நெல் அளக்கற மரக்காலைக் கொண்டாந்து கவுத்துப் போட்டு, அதுமேல மேசையைத் தூக்கி வெச்சா. காகிதம் கண்ணுக்கு நேரா வந்துச்சு. அவருக்கு ஒரு மணையைப் போட்டு, தூண்ல முதுகு ஒட்டற மாதிரி நகத்தி உக்கார வெச்சா. கூஜாவை எடுத்துக்கிட்டுப் போய் கூடத்தோட அந்தக் கோடியில வெச்சுட்டா.

"அய்யோ, தண்ணிக்கு அவ்வளவு தூரமா?"

"நடங்க. அரண்மனை மணி 'டங்'குனு அடிக்கும்போதெல்லாம் எழுந்து போய்க் குடிங்க. ஜன்னல் வழியா கோபுரத்தைப் பாருங்க. தோளை மெதுவாச் சுத்துங்க. வெடுக்குன்னு திருப்பாதீங்க. வீட்டுல அந்த நெல்லுக் குதிர் மாதிரி இருக்கற தலகாணியை நானே எடுத்து ஒளிச்சுடறேன்."

ஒரே ராத்திரியில சரியாப் போச்சுன்னு சொன்னா அது பொய்க்கதை. நாலு நாள் குறையும், ஒரு நாள் மறந்து கவுந்துக்கிட்டே எழுதுவாரு, மறுபடி சுரீர்னும். மாசக்கணக்குல, கொஞ்சம் கொஞ்சமா, தலை நடுவுக்கு வந்துச்சு.

அப்போதான் மாசிலாமணிக்குப் பயம் புடிச்சுக்கிச்சு. "கமலம், குனிஞ்ச கழுத்துக்குக் குடுத்த உத்தியோகம். நிமிர்ந்தா திமிருன்னு தொரத்திடுவாரே!"

"கும்பிடறப்போ குனிஞ்சுக்கோங்க. யார் வேணாம்னா?"

"......ம்."

நவராத்திரி தர்பார் வந்துச்சு. சபையில அத்தனை பேரும் குனிஞ்சு நிக்கறாங்க. இத்தனை நாள் வேஷம் போட்டுப் போட்டு இப்போ எல்லாருக்கும் நெஜமாவே வலி. "ஸ்ஸ்... அம்மா..."ன்னு அங்கங்க முனகல். மாசிலாமணியும் பயந்துக்கிட்டு குனிஞ்சாரு.

அப்போ வேடிக்கை பாக்க வந்த அல்லி மதில்மேல ஏறி நின்னு கூப்பிட்டா, "அப்பா!"

படக்குன்னு நிமிர்ந்துட்டாரு. பாத்துட்டாரு. இப்போ இன்னொரு பல்லும் விழுந்து, பொக்கை வாய் முழுக்கச் சிரிப்பு.

"யார்றா அது, சபையில நிமிர்ந்து நிக்கறவன்?"ன்னு ராஜா உறுமினாரு.

முடிஞ்சுது உத்தியோகம்னு மாசிலாமணி அந்தப் பக்கம் திரும்பினாரு. ராஜா மூஞ்சியை நேருக்கு நேரா பாத்தாரு. புருவம் நெரிஞ்சிருக்கு, பல்லைக் கடிச்சுக்கிட்டு இருக்காரு, ஒரு தோள் ஏறியிருக்கு. இது கோபம் இல்ல. வலி வர்றப்போ இதே மூஞ்சியை மாசிலாமணி தன் வீட்டுக் கண்ணாடியில பாத்திருக்காரு.

"ராஜா... கிரீடம் ரொம்ப கனமா இருக்குங்களா?"

ராஜா கை தானா கழுத்துக்குப் போச்சு.

"உனக்கெப்படித் தெரியும்?"

"உங்க மூஞ்சியைப் பாத்தேங்க."

ராஜா கண்ணுல தண்ணி வந்துடுச்சு. "காலையிலேர்ந்து சாயங்காலம் வரைக்கும் இந்தச் சிம்மாசனத்துல இந்தப் பாரத்தோட உக்காந்திருக்கேன். கழுத்து விண்ணு விண்ணுங்குது. ஒருத்தனும் கேக்கலையேடா!"

மந்திரி குனிஞ்சபடியே சொன்னாரு, "நாங்க உங்க பாதத்தைத்தானுங்க பாத்துக்கிட்டு இருந்தோம். பாதம் நல்லாத்தானுங்க இருந்துச்சு."

ராஜா கிரீடத்தைக் கழட்டி மடியில வெச்சாரு, "ஹப்பா!"ன்னாரு. மாசிலாமணிக்கு உத்தியோகம் போகல. மரக்காலுக்குத்தான் தட்டுப்பாடு வந்துச்சு, எல்லார் மேசைக்கும் கீழ போயிடுச்சே. அன்னைலேர்ந்து அந்த அரண்மனையில மணி அடிச்சா ராஜாவே மொதல்ல எழுந்து தண்ணி குடிக்கப் போவாரு.

கிரீடம் எறங்குச்சு, கதையும் எறங்குச்சு. கண்ணை மூடித் தூங்கு.

"ம்."

முகை? அடடே, நீ எப்பவோ தூங்கிட்ட போலிருக்கே. வாயைத் திறந்துக்கிட்டு குறட்டை வேற. அப்போ இப்ப "ம்" போட்டது யாரு?

என்னம்மா, மேசைப் பக்கம் "டப்"புன்னு சத்தம் கேட்டுச்சு? லேப்டாப்பை மூடியாச்சா? சரி, தண்ணி சமையக்கட்டுல இருக்கு. எழுந்து போய்க் குடிச்சுட்டு வா. கழுத்தை மட்டும் மளுக்குன்னு திருப்பிடாதே.