உப்பு வண்டியைத் திறந்த குருவம்மையார்

வேலாங்குடி ஜங்ஷனின் கூட்ஸ் யார்டில் சரக்குப் பெட்டிகளைக் கழுவிவிடும் வேலை செய்துவந்தவர் குருவம்மையார். நீராவி எஞ்சின்கள் கரும்புகை கக்கியபடி தென்சீமையெங்கும் ஓடிய காலம் அது. லாரிகள் பெருகியிருக்கவில்லை. ஓர் ஊரில் விளைந்தது இன்னோர் ஊரின் அடுப்புக்குப் போய்ச் சேர வேண்டுமானால் கூட்ஸ் வண்டிதான் வர வேண்டும். இரும்புச் சட்டமும் மரப்பலகையுமாகச் செய்த அந்தச் செம்மண் நிறப் பெட்டிகளுக்கு இன்ன சரக்குதான் என்று விதி கிடையாது. நேற்று கருவாடு வந்த பெட்டியில் இன்று வெல்லம் ஏறும். மிளகாய் வற்றல் இறங்கியதில் மறுநாள் பச்சரிசி ஏறும். சந்தை மாடுகள் வந்த பெட்டியோ சாணமும் மூத்திரமும் மிதித்துக் குழைத்த சேறாகக் கிடக்கும். அதுவும் கழுவிக் காய்ந்து அடுத்த சரக்குக்குத் தயாராக வேண்டும்.

அம்மையார் சேலையை வரிந்து கட்டிக்கொண்டு பெட்டிக்குள் ஏறுவார். மண்வெட்டியால் சாணத்தை வாரித் தள்ளுவார். பலகை இடுக்குகளைத் தென்னங்குச்சியால் நோண்டி எடுப்பார். தண்ணீர் ஊற்றித் தேய்த்து, சுண்ணாம்பு தெளித்து, காயவிடுவார். காய்ந்த பிறகு கதவுக்கு உட்புறப் பலகையில் மூன்று விரலால் திருநீற்றை இழுப்பார். யார்டின் கோடியில் நின்று பார்த்தால் வழிகாத்த நாதர் கோயில் கோபுரம் தெரியும். அந்தத் திக்கை நோக்கிக் கைகுவித்து, "சிவசிவா" என்று ஒரு முறை சொல்லிவிட்டு அடுத்த பெட்டிக்குப் போவார். அவர் பிறந்த குலத்தாருக்குக் கோயில் வாசல் திறக்காத நாள்கள் அவை. கோபுரத்தைத் தாண்டி உள்ளே என்ன இருக்கிறது என்று அவர் கண்டதில்லை.

கூட்ஸ் ஷெட்டில் மேஸ்திரியாக இருந்தவர் ஆதிமூலம். கெட்ட மனிதர் அல்லர். ஆனால் வாயைக் கட்டத் தெரியாதவர்.

"ஏளா குருவம்மா, பெட்டியக் கழுவுதியா, கும்பாபிசேகம் பண்ணுதியா?" என்பார். சுமைகூலிகள் சிரிப்பார்கள்.

"எந்தப் பெட்டியில எந்தப் பிள்ளைக்குச் சோத்துக்கு அரிசி போகுமோ, நமக்கென்ன தெரியும் ஐயா?" என்பார் அம்மையார். "எல்லாம் அவன் வண்டிதான?"

"அப்பிடின்னா அவனையே வந்து சாணி அள்ளச் சொல்லு."

அதற்கும் அவர் சிரித்துக்கொள்வார். கை மட்டும் நிற்காது.

அவர் கணவர் மாடக்கண்ணு அதே யார்டில் பெட்டிகளை ஒன்றோடொன்று கொக்கி மாட்டி இணைப்பவர். எஞ்சின் பின்னாலிருந்து தள்ள, நிற்கும் பெட்டியை நோக்கி மற்றொரு பெட்டி உருண்டு வரும். இரண்டுக்கும் நடுவே குனிந்து நின்று, மோதும் கணத்தில் சங்கிலியைத் தூக்கி மாட்ட வேண்டும். ஒரு மழைக்காலத்தில் கால் வழுக்கியது. மனிதரை மீட்டெடுத்தபோது உயிர் இல்லை.

பிள்ளைப்பேறு இல்லாத அம்மையாருக்கு உலகத்தில் இருந்த ஒரே துணை அவர். புதைகுழி மூடிய மறுவாரமே அம்மையார் வேலைக்கு வந்தார். கண்ணீர் வழிய வழியப் பலகைகளைத் தேய்த்தார். "இப்பவும் திருநீறு பூசணுமா? உன் புருசனக் காப்பாத்தாத சாமிக்கா?" என்று ஒருத்தி கேட்டாள். அன்றும் அம்மையாரின் மூன்று விரல்கள் பலகையில் திருநீற்றை இழுத்தன.

சரக்குப் பெட்டிகள் ஓரிடத்தில் நிற்பவை அல்ல. எங்கெங்கோ சுற்றிவிட்டுத் திரும்பி வரும். மாடக்கண்ணுவை நசுக்கிய பெட்டியும் ஓர் அறுவடைக் காலத்தில் வேலாங்குடிக்கு வந்து சேர்ந்தது. அதன் வளைந்த கைப்பிடியைப் பார்த்து எல்லோருக்கும் அடையாளம் தெரிந்துவிட்டது. ஆதிமூலமே பதறிப்போய் வந்தார்.

"நீ அங்கிட்டுப் போ குருவம்மா. இத நான் வேற ஆள விட்டுக் கழுவிக்கிடுதேன்."

அம்மையார் அந்தப் பெட்டியின் முன் வெகுநேரம் நின்றார். பிறகு வாளியைத் தூக்கிக்கொண்டு ஏறினார்.

"அது என்னய்யா செய்யும்? தள்ளுன பக்கம் போச்சு. இதுலயும் யாரு வீட்டுக்கோ நெல்லு போகணும்லா?"

அன்று மற்ற நாளைவிட அதிகமாகத் தேய்த்தார் என்று பார்த்தவர்கள் சொல்வார்கள். ஆதிமூலம் அதற்குப் பிறகு சில காலம் கேலி பேசவில்லை.

பின்பு அந்தப் பெரும் வறட்சி வந்தது. கிழக்குச் சீமையில் கண்மாய்கள் பாளம் பாளமாக வெடித்தன. வைக்கோல் தீர்ந்தது. கூரை ஓலையைப் பிடுங்கி மாடுகளுக்குப் போட்டார்கள். அதுவும் தீர்ந்தபோது, மாடுகளையாவது பிழைக்கவைப்போம் என்று மேற்கு மலையடிவாரத்துப் புல்வெளிகளுக்குக் கூட்ஸ் வண்டிகளில் ஏற்றி அனுப்பினார்கள். பக்கவாட்டில் கம்பி போட்ட மாட்டுப் பெட்டிகள் போதவில்லை. செங்கல்லும் நிலக்கரியும் சுமக்கும் கூரையில்லாப் பெட்டிகளிலும் மாடுகளை நிறுத்திக் கயிற்றால் கட்டினார்கள். அந்த வண்டிகள் வேலாங்குடியில் நின்று எஞ்சின் மாற்றிப் போகும். நிற்கும் நேரமெல்லாம் யார்டு முழுவதும் மாடுகளின் கதறல். கம்பிகளுக்கு வெளியே வறண்ட நாக்குகள் நீண்டிருக்கும்.

அம்மையார் பெட்டி கழுவக் கொடுத்த தண்ணீரை மாடுகளுக்கு ஊற்றினார். புதிதாக வந்திருந்த யார்டு அதிகாரிக்கு அது தெரிந்துபோயிற்று. "எஞ்சினுக்கே தண்ணி பத்தல. இனிமே பெட்டியக் கழுவ வேண்டாம், சுண்ணாம்புப் பொடி தூவுனாப் போதும். தண்ணித் தொட்டிப் பக்கம் அவளப் பாத்தா வேலைய விட்டு அனுப்பிருங்க" என்று உத்தரவு போட்டார்.

மறுநாள் முதல் அம்மையார் விடிகிற வேளையில் காய்ந்த ஆற்றுக்குள் இறங்கி மணலில் ஊற்றுத் தோண்டினார். கசியும் நீரைச் சிரட்டையால் மொண்டு இரண்டு குடங்களை நிரப்பி, தலையில் ஒன்று இடுப்பில் ஒன்றாகச் சுமந்துவந்தார். எந்த மாடு அதிகம் தவிக்கிறதோ அதன் வாயில் முதலில் ஊற்றினார். எத்தனை மாடுகளுக்கு இரண்டு குடம் போதும்? போதாது. அவரும் அறிவார். திரும்பவும் ஆற்றுக்கு நடப்பார்.

சுமைகூலிகள் சிரித்தார்கள். "மாட்டுக்குத் தண்ணி ஊத்துனா கைலாசத்துக்கு டிக்கட் குடுப்பாவளோ?"

அந்த நாள்களில் ஒருநாள், உச்சி வெயிலில், தூத்துக்குடியிலிருந்து உப்பு ஏற்றிவந்த கூட்ஸ் வண்டியில் ஒரு பெட்டியின் அச்சு சூடேறிப் புகைந்தது. அதை மட்டும் கழற்றி, யார்டின் கோடியில் ஒதுக்கி நிறுத்திவிட்டு வண்டி போய்விட்டது. நான்கு பக்கமும் அடைத்த கூரைப் பெட்டி. கதவுத் தாழ்ப்பாளில் கம்பி முறுக்கி ஈய முத்திரை வைத்திருந்தது. எல்லோரும் சாப்பிட்டு நிழலில் சாய்ந்த நேரம். அம்மையார் இரண்டு குடங்களோடு அந்த வழியாக வந்தார்.

பெட்டிக்குள் மணிச் சத்தம் கேட்டது. மாட்டுக் கழுத்து மணி.

அம்மையார் நின்றார். உள்ளே ஒரு நீண்ட பெருமூச்சு. தாகத்தில் தவிக்கும் மாட்டின் மூச்சு எப்படி இழுக்கும் என்பது அவருக்குப் பழகிப்போன சங்கதி. ஓடிப்போய் ஆதிமூலத்தை எழுப்பினார்.

"ஐயா, அந்தப் பெட்டிக்குள்ள மாடு கெடக்குய்யா! கதவெல்லாம் அடைச்சு வச்சிருக்கு. வெந்து செத்துப்போகும்!"

"வெயிலு உன் மண்டைக்கு ஏறிட்டு. அது உப்பு. சீல் வச்ச பெட்டி. தொட்டேன்னா செயிலுதான். போ அங்கிட்டு." அவர் புரண்டு படுத்துக்கொண்டார்.

அம்மையார் திரும்பி வந்து பலகையில் காதை வைத்தார். மணி இப்போது மெல்லக் கேட்டது, ஓய்ந்துபோகிற மாதிரி. முத்திரையை உடைத்தால் வேலை போகும், சிறை கிடைக்கும். அவருக்குக் கஞ்சி ஊற்ற வேறு ஆள் இல்லை. எல்லாம் ஒரு கணம் நெஞ்சில் வந்து நின்றது. பிறகு கீழே கிடந்த சரளைக் கல்லை எடுத்து ஈய முத்திரையை அடித்து உடைத்தார். கம்பியைப் பிரித்தார். தோளைக் கொடுத்துக் கதவைத் தள்ளினார்.

உள்ளே குளிர்ந்த இருள். இருளின் நடுவே நிலா விழுந்தது போல ஒரு வெள்ளைக் காளை நின்றிருந்தது. இத்தனை பெரிய காளையை அவர் எந்தச் சந்தை வண்டியிலும் பார்த்ததில்லை. அதன் பின்னால், நிழலுக்குள் நிழலாக ஒரு முதியவர் அமர்ந்திருந்தார். நீறு பூசிய பாதங்கள் மட்டும் வெளிச்சத்தில் தெரிந்தன.

"தாகமா இருக்கு ஆத்தா," என்றார் அவர்.

அம்மையார் குடத்தைத் தூக்கிக் காளையின் வாயருகே பிடித்தார். காளை உறிஞ்சிய ஓசையில் அவர் உடல் சிலிர்த்தது. முதல் குடம் தீர்ந்தது. முதியவர் இருளிலிருந்து இரு கைகளையும் நீட்டினார்.

அம்மையார் தயங்கினார். "என் கையால நீங்க குடிக்கலாமா சாமி?"

"என் மாடு குடிச்சிது. நான் குடிச்சா ஆகாதா?"

இரண்டாவது குடத்து நீரை அந்தக் கைகளில் வார்த்தார். மிச்சத்தையும் காளைக்கே கொடுத்தார். முதியவர் பெட்டியின் பலகையைத் தடவிப் பார்த்தார்.

"நல்ல சுத்தமா இருக்கே! யாரு கழுவுனது இத?"

"எவளாவது என்னப் போல ஒருத்தி கழுவியிருப்பா சாமி," என்றார் அம்மையார். "இன்னும் தண்ணி கொண்டாரேன். இருங்க." வெறும் குடங்களை எடுத்துக்கொண்டு திரும்பினார்.

எதிரே ஆதிமூலமும் கூலிகளும் நின்றிருந்தார்கள். கதவு உருண்ட சத்தம் அவர்களை எழுப்பியிருந்தது.

"அடிப் பாவி! சீல ஒடைச்சிட்டியே!"

"மாடு, ஐயா... பாருங்க," என்று கைகாட்டித் திரும்பிய அம்மையார் திகைத்து நின்றார். கதவு விளிம்புவரை உப்பு மூட்டைகள் அடுக்கியிருந்தன. ஓர் ஆட்டுக்குட்டி நிற்கவும் இடமில்லை.

"குடத்துத் தண்ணிய எங்க ஊத்துன?"

"மாட்டுக்குத்தான் ஐயா."

ஆதிமூலம் முன்வரிசை மூட்டைகளைத் தொட்டுப் பார்த்தார். இரண்டு குடம் தண்ணீர் ஊற்றியிருந்தால் உப்பு கரைந்து ஒழுகியிருக்க வேண்டும். ஒரு மணி உப்பும் நனையவில்லை. கீழே தண்டவாளச் சரளையும் காய்ந்து கிடந்தது. ஆனாலும் உடைந்த சீல் உடைந்த சீல்தான். பக்கத்து ஊரிலிருந்து போலீஸ் வரும்வரை அம்மையாரை ஸ்டேஷன் வராந்தாவில் உட்காரவைத்தார்கள்.

அன்று மாலை, சாயரட்சை பூஜைக்காகக் கல்யாணசுந்தர குருக்கள் வழிகாத்த நாதர் கோயில் நடையைத் திறந்தார். கோயில் கிணறு வற்றிப் பல நாளாகியிருந்தது. சுவாமிக்கு ஓர் உத்தரணி தீர்த்தம் தெளிப்பதோடு சரி. மதியம் பூட்டிய சாவி அவர் இடுப்பிலேயே இருந்தது. உள்ளே நுழைந்தவர் அப்படியே நின்றுவிட்டார். கல் நந்தியின் வாயிலிருந்து கழுத்து வழியாக மார்புவரை நீர் வழிந்துகொண்டிருந்தது. கருவறைக்குள் ஆவுடையாரைச் சுற்றி வெண்மணிகள் சிதறியிருந்தன. விரலால் ஒன்றைத் தொட்டு நாவில் வைத்தார். உப்பு.

வாசலில் பூக்காரி யாரிடமோ கதை சொல்லிக்கொண்டிருந்தாள். "உப்பு வண்டிக்குள்ள மாடு கத்துதுன்னு சொல்லி சீல ஒடைச்சிட்டாளாம் அந்தப் பெட்டி கழுவுற குருவம்மா..."

குருக்கள் செருப்புமின்றி, மேல்துண்டு விழுந்ததும் தெரியாமல், தெருவில் ஓடினார். ஸ்டேஷனுக்கு வந்ததும் வராந்தாவில் உட்கார்ந்திருந்த அம்மையாரின் முன் நின்று, மூடியிருந்த உள்ளங்கையைத் திறந்து அந்த உப்பு மணிகளைக் காட்டினார்.

"அவன் குடிச்சிருக்கான்," என்றார். "நந்தி மார்பெல்லாம் ஈரம். கோயில்ல ஒரு சொட்டுத் தண்ணி கிடையாது. எல்லாரும் வந்து பாருங்கோ."

நனையாத உப்பு மூட்டைகளைத் தொட்ட தன் கையைப் பார்த்தார் ஆதிமூலம். அடுத்த கணம் அவர் தரையில் விழுந்து கும்பிட்டார். மூட்டை ஒன்றும் குறையவில்லை என்று கண்ட ஸ்டேஷன் மாஸ்டர், போலீஸ் வேண்டாம் என்று சொல்லி, பெட்டிக்குப் புதிய சீல் வைக்கச் சொல்லிவிட்டு, தொப்பியைக் கழற்றிக்கொண்டு ஒதுங்கி நின்றார்.

"உள்ளே வாங்கோம்மா. உங்களைக் கூட்டிண்டு போகத்தான் வந்தேன்," என்றார் குருக்கள்.

அம்மையார் எழுந்தார். அப்போது மாடுகள் ஏற்றிய கூட்ஸ் வண்டியொன்று கூவியபடி யார்டுக்குள் நுழைந்தது. அவர் கால் தானாக அந்தப் பக்கம் திரும்பியது. "வண்டி வந்துட்டே சாமி. தண்ணிக்குக் கத்துமே..."

ஆதிமூலம் அவர் குடங்களை எடுத்துக்கொண்டார். "நான் பாத்துக்கிடுதேன் தாயி. நீங்க போங்க." கூலிகளும் வாளிகளோடு அவர் பின்னால் ஆற்றை நோக்கி நடந்தார்கள்.

அன்று குருவம்மையார் முதன்முதலாகக் கோபுர வாசலைக் கடந்தார். தடுக்க ஒரு வாயும் திறக்கவில்லை. நந்தியின் முன் வந்ததும் முந்தானையை எடுத்து, கல் கழுத்தின் ஈரத்தை மெதுவாகத் துடைத்துவிட்டார், உயிருள்ள மாட்டுக்குச் செய்வது போலவே.

குருக்கள் தீபத்தை ஏந்தியபடி ஆவலோடு கேட்டார். "அம்மா, நீங்க பார்த்தேளே, அவர் முகம் எப்படி இருந்தது?"

அம்மையார் யோசித்தார். பிறகு வெட்கத்தோடு தலை குனிந்தார்.

"மொகத்தப் பாக்கலியே சாமி. மாட்டுக்கு நாக்கு அப்பிடி வறண்டு கெடந்துச்சு. அது குடிக்கதையேதான் பாத்துக்கிட்டு நின்னேன்."

கூடியிருந்தவர்கள் கண் துடைத்துக்கொண்டார்கள். முனிவர்கள் தவம் கிடந்து தேடும் முகம் எதிரே இருக்க, ஒரு வாயில்லா ஜீவனின் தாகத்தை விட்டுப் பார்வையை எடுக்காத அந்தத் தாயின் கண்களை நாமும் வணங்குவோம்.