டிஸ்ட்ரெஸிங் என்றால்

திருச்சி பாலக்கரையில் ஜாபர் நடத்தும் இங்கிலீஷ் வகுப்பில் வயதில் மூத்தவள் நர்ஸ் பெனிட்டா. வாத்தியாரைவிடவே பத்து வயது பெரியவள். இங்கிலாந்து ஆஸ்பத்திரி ஒன்றில் வேலை தயாராக இருந்தது. பேச்சுத் தேர்வில்தான் இரண்டு முறை மண்ணைக் கவ்வியிருந்தாள். இந்தத் தடவையும் கோட்டைவிட்டால் வேலை வேறொருத்திக்குப் போய்விடும்.

தேர்வில் ஒருவர் நோயாளியாக நடிப்பார், அவரிடம் நர்ஸ் பேச வேண்டும். அன்றைய ஒத்திகையில் ஜாபர்தான் நோயாளி. சர்க்கரை வியாதி முற்றி, காலை எடுக்க வேண்டிய நிலை.

பெனிட்டா வழக்கம்போல ஆரம்பித்தாள். "டோன்ட் வொரி. நத்திங் வில் ஹேப்பன்."

"கால் போகப்போகுது அக்கா. நத்திங்கா?"

"பின்ன என்ன சார் சொல்றது?"

"திஸ் இஸ் டிஸ்ட்ரெஸிங் நியூஸ்."

"அப்படின்னா?"

"மனசை வதைக்கிற சேதி."

"அதை நோயாளி மூஞ்சிக்கு நேராவா சொல்லுவாங்க? எங்க வார்டுல யாரும் சொல்ல மாட்டோம். எந்த இடத்துல சார் இந்த வார்த்தையைச் சொல்லணும்?"

ஜாபர் எழுந்தார். "இப்ப நீங்க நோயாளி. நான் நர்ஸ்."

"ஒண்ணும் இல்லம்மா, பயப்படாதீங்க" என்று சிரித்த முகமாகச் சொன்னார். அப்படியே வெளியே போய்விட்டார்.

பெனிட்டா காத்திருந்தாள். எதிர்க் கடையில் அவர் சாவகாசமாக டீ குடிப்பது ஜன்னல் வழியே தெரிந்தது. வெறும் நடிப்பு என்று தெரிந்தும் அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. திரும்பி வந்தவரைப் பிடித்துக்கொண்டாள்.

"இப்படியா சார் ஒருத்தரை அம்போன்னு விட்டுட்டுப் போவாங்க?"

"நீங்க எத்தனை பேரை விட்டுட்டுப் போயிருப்பீங்க அக்கா?"

வார்டில் பெனிட்டாவிடம் கேள்வி கேட்ட முகங்கள் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தன. வெட்கமாக இருந்தது.

தேர்வு முடிவு வந்த அன்று மூச்சிரைக்க மாடியேறி வந்தாள். "பாஸ் சார். பேச்சுலதான் அதிக மார்க்கு."

வகுப்பே எழுந்து நின்று கைதட்டியது. பெனிட்டாவுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்தே வந்தன. கொஞ்சம் அடங்கியதும் ஜாபரிடம் மெல்லக் கேட்டாள்.

"ஒண்ணுதான் சார் புரியல. டிஸ்ட்ரெஸிங் நியூஸ்னு சொன்னேன். நோயாளியா நடிச்ச அந்தம்மா முகம் வாடிப்போச்சு. எனக்கு மேல பேச்சே வரல. நாற்காலியை இழுத்துப் போட்டு பக்கத்துல உக்காந்துட்டேன். ரொம்ப நேரம் கழிச்சுத்தான் பேசினேன். அதுக்குப் போயி எப்படி மார்க் போட்டாங்க?"

"சொல்லிட்டு ஓடுறவங்களுக்குத்தான் டோன்ட் வொரி இருக்கே அக்கா" என்றார் ஜாபர். "இது உக்காருறவங்க வார்த்தை."