அண்ணாச்சியின் நெகட்டிவ்

குற்றாலத்துக்குப் பக்கத்தில் பூவன்குறிச்சி என்று ஒரு ஊர். அந்த ஊர்க் கடைத்தெருவில் முத்தொளி ஸ்டூடியோ வைத்திருந்த ஆவுடையப்பனுக்கு இரண்டு குறை. முதல் குறை, வயது ஏறியும் கல்யாணம் ஆகவில்லை. அடுத்த குறை, சொரிமுத்து, வெயிலுமுத்து, இசக்கி என்ற மூன்று உதவியாளர்கள். சும்மா சொல்லக் கூடாது, மூன்று பேரும் தங்கமான ஆட்கள். சொன்ன வேலையைச் சொன்னபடியே செய்வார்கள். வம்பே அதில்தான்.

ஒருமுறை ஊறுகாய் கம்பெனிக்காரர் விளம்பரப் படத்துக்காக ஒரு பாட்டிலைக் கொடுத்துவிட்டுப் போனார். சரக்கு பளிச்சென்று தெரியணும்லே என்று சொல்லிவிட்டு ஆவுடையப்பன் சாப்பிடப் போனார். திரும்பி வந்தால், எலுமிச்சைத் துண்டு ஒவ்வொன்றையும் வெளியே எடுத்து, மசாலா போகத் தேங்காய் நாரால் தேய்த்து, பளிச்சென்று வரிசையாக அடுக்கி வைத்திருந்தார்கள்.

இன்னொரு முறை காலண்டருக்கு அருவியைப் படம் எடுக்க அனுப்பினார். கேமரா முன்னால் எது வந்தாலும் ஆடாமல் அசையாமல் நிற்கச் சொல்லிவிட்டுத்தான் பட்டனை அமுக்க வேண்டும் என்பது ஸ்டூடியோ சட்டம். மூன்று பேரும் பொழுது முழுக்க அருவியிடம் கெஞ்சிப் பார்த்துவிட்டு வெறுங்கையோடு வந்தார்கள்.

"அது நிக்கவே மாட்டேங்கு அண்ணாச்சி. மலைதான் மரியாதை தெரிஞ்ச மலை, சொன்னதும் நின்னுட்டு" என்றான் வெயிலுமுத்து.

"அப்ப மலையையாவது எடுத்தியளால?"

"மலையை எடுக்க நாங்க மூணு பேரு பத்தாது அண்ணாச்சி."

ஆவுடையப்பன் தலையில் அடித்துக்கொண்டார். ஆனால் வேலையை விட்டு நிறுத்தவும் மனசு வரவில்லை. சொன்னதை மீறினால் அல்லவா நிறுத்தலாம்? ஸ்டூடியோவின் முக்கியமான சட்டத்தை வேறு அவர்கள் மூவரும் சாமி மந்திரம் போலக் காப்பாற்றி வந்தார்கள். படத்தை யார் கேட்டாலும் கொடுக்கலாம், நெகட்டிவ் மட்டும் ஸ்டூடியோவை விட்டுப் போகக் கூடாது. நெகட்டிவ் என்றால் என்ன என்று இசக்கி ஒருநாள் கேட்டபோது, ஆளோட அச்சு அப்படியே இருக்கும், ஆனா கறுப்பா இருக்கும், மூக்கு முழி தெரியாது என்று விளக்கியிருந்தார்.

இப்படி இருக்கையில் தரகர் ஐயம்பெருமாள் ஒரு சேதியோடு வந்தார். பக்கத்து ஊர்ச் செண்பகவடிவுக்கு ஆவுடையப்பன் மேல் ஒரு எண்ணமாம். அவள் அக்கா கல்யாணத்துக்குப் படம் எடுக்க இவர்தான் போயிருந்தார். ஆனால் அன்றைக்கு முழுக்க முகத்தைக் கேமராவுக்குப் பின்னால் வைத்திருந்ததால் அவள் பார்த்தது இரண்டு கையும் ஒரு காதும்தான். வெள்ளிக்கிழமைக்குள் மாப்பிள்ளை போட்டோ வர வேண்டும், வராவிட்டால் ரைஸ்மில்காரருக்குச் சம்மதம் சொல்லிவிடுவார்கள்.

ஆவுடையப்பன் துள்ளி எழுந்தார். அந்தக் கல்யாணத்தில் மணமக்களை விட்டுவிட்டுப் பாதி ஃபிலிமை அவர் யார் பக்கம் திருப்பினார் என்று அவருக்குத்தான் தெரியும். ஸ்டூடியோ முழுக்கத் துழாவினார். ஊரில் இருக்கிற அத்தனை முகமும் இருந்தது, அவர் முகம் மட்டும் இல்லை. மலை ஓடாது, ஊறுகாய் பாட்டில் கொட்டாவி விடாது, மனுஷ முகத்தைப் பிடிக்கிறதுதான் கஷ்டம் என்று ஊருக்கெல்லாம் சொன்னவர், தன் முகத்தைப் பிடிக்க மறந்துவிட்டார். வேறு வழியில்லாமல் மூவரையும் கூப்பிட்டார்.

முதலில் கேமராவை ஸ்டாண்டில் வைத்துக் கொடுத்து, "தலையை மட்டும் வெட்டிராதிய" என்று எச்சரித்தார். முழுத்தலையும் படத்தில் வர வேண்டுமே என்ற கவலை அவருக்கு. முகம் வழிக்க நாவிதர் வந்து ஒரு கன்னத்தை முடிக்கும்போது, கையில் கத்தியைக் கண்ட சொரிமுத்து அவரைத் தெருமுனை வரை துரத்திவிட்டு வந்தான். ஆவுடையப்பன் ஒரு பக்கம் மாப்பிள்ளையாகவும் இன்னொரு பக்கம் சாமியாராகவும் ஸ்டூலில் உட்கார்ந்தார்.

"பாத்துக்கிடுங்க. படத்துல நான் மட்டும்தான் விழணும். வேற யாரும் விழக் கூடாது."

மூவரும் ஓரமாகப் போய் ஆலோசனை செய்தார்கள்.

"அண்ணாச்சி விழணுமாம்."

"அவியளா விழுவாவளா, நாம தள்ளணுமா?"

"நம்மகிட்ட எதுக்குச் சொல்லுதாவ? தள்ளத்தான்."

"முதலாளியைத் தள்ளுறது மரியாதை இல்லலே" என்றான் இசக்கி.

நீண்ட நேரம் யோசித்து, முதலாளியைத் தொடாமல் ஸ்டூலை மட்டும் இழுப்பது என்று முடிவானது. தாங்கள் விழுந்துவிடக் கூடாதே என்று சொரிமுத்து தூணை இறுக்கிக் கட்டிக்கொண்டான். இசக்கி ஸ்டூலை இழுத்தான். ஆவுடையப்பன் மட்டும் விழுந்தார். வெயிலுமுத்து பட்டனை அமுக்கினான்.

இடுப்பு பிடித்துக்கொண்டது. எழுந்து நிற்க முடியாமல் பாயில் கிடந்தார். விழுவதற்கு முந்திய நொடியில் முகம் பதிந்திருக்காதா என்று ஒரு நப்பாசை. ஃபிலிமை எப்போதும் தானே கழுவுகிறவர், வலியில் புத்தி மங்கிப்போய், "நீங்களே கழுவிருங்கலே. இருட்டுல வச்சுக் கழுவணும்" என்று சொல்லிவிட்டார்.

மூவரும் வாய்க்காலுக்குப் போனார்கள். நல்ல வெயில். மூன்று பேரும் கண்ணை இறுக்கி மூடினார்கள்.

"உனக்கு இருட்டா இருக்கா?" என்று சொரிமுத்து கேட்டான்.

"எனக்கு நல்ல இருட்டு" என்றான் இசக்கி. வெயிலுமுத்து கொஞ்சம் சந்தேகப்பட்டுக் கண்ணைச் சுற்றித் துண்டையும் கட்டிக்கொண்டான்.

சோப்புப் போட்டு, கல்லில் கும்மி, கடைசியில் நீலத்தில் ஒரு முக்கும் முக்கிக் கொண்டுவந்தார்கள். அழுக்கு பொட்டுக்கூட இல்ல அண்ணாச்சி என்று நீட்டினார்கள். ஃபிலிம் கண்ணாடி மாதிரி இருந்தது. ஆவுடையப்பன் அதைப் பிடித்துக்கொண்டு அழுதே விட்டார். அன்றைக்குத்தான் வெள்ளிக்கிழமை.

முதலாளி அழுது மூவரும் பார்த்ததே இல்லை. மறுபடியும் ஓரமாகப் போனார்கள்.

"படம்னா என்னலே? மரச்சட்டம், சட்டத்துக்குள்ள மூஞ்சி."

"சட்டம் ஸ்டூடியோவுல கிடக்கு."

"மூஞ்சி பாயில கிடக்கு."

அப்புறம் என்ன? பெரிய சட்டம் ஒன்றைக் கழற்றி ஆவுடையப்பன் கையில் கொடுத்து, முகத்துக்கு நேராகப் பிடிக்கச் சொல்லி, படம் நடந்து போனால் நன்றாக இருக்காது என்று நாற்காலியோடு தூக்கிக்கொண்டு பக்கத்து ஊருக்கு நடந்தார்கள். வழியெல்லாம் ஆடாமல் அசையாமல் இருக்கும்படி சொல்லிக்கொண்டே போனார்கள். ஆவுடையப்பனும் வெட்கத்தை விட்டு அப்படியே இருந்தார். ரைஸ்மில்லை நினைத்தால் இது பெரிதாகத் தெரியவில்லை.

பெண்வீட்டு முற்றத்தில் இறக்கி வைத்து, "மாப்பிள்ளை படம் கொண்டாந்திருக்கோம்" என்றான் சொரிமுத்து.

செண்பகவடிவு வெளியே வந்தாள். பாதி வழித்த முகத்தோடு சட்டத்துக்குள் மூச்சை அடக்கிக்கொண்டிருந்தவரை நன்றாகப் பார்த்தாள். சிரிப்பை அடக்க முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். அப்படியும் அடங்கவில்லை.

"படம் பிடிச்சிருக்கா தாயீ?" என்று அவள் அப்பா கேட்டார்.

"பிடிச்சிருக்குப்பா."

சட்டத்துக்குள் ஆவுடையப்பன் முகம் காது வரை விரிந்தது. ஆடக் கூடாது என்று வெயிலுமுத்து அதட்டினான்.

பெண்வீட்டில் வழக்கமாகச் சொல்வதைத்தான் அப்பாவும் சொன்னார்: "நல்லது, படத்தை வச்சிட்டுப் போங்க. கலந்து பேசிச் சொல்லியனுப்புதோம்." மூன்று பேரும் கும்பிட்டுவிட்டு, படத்தை வைத்துவிட்டுப் போய்விட்டார்கள்.

ஊர் எல்லை தாண்டியதும் இசக்கி நின்றான்.

"படத்தைக் குடுத்தாச்சு. நெகட்டிவ் எங்கலே?"

அண்ணாச்சி சொன்ன அடையாளத்தை மூவரும் ஒருமுறை சொல்லிப் பார்த்தார்கள். ஆளோட அச்சு, கறுப்பா இருக்கும், மூக்கு முழி தெரியாது. முற்றத்தில் நாற்காலிக்குக் கீழே அதைப் பார்த்த ஞாபகம் மூவருக்கும் வந்தது. திரும்பி ஓடினார்கள். ஆவுடையப்பன் ஒரு கையில் சட்டமும் ஒரு கையில் காப்பி டம்ளருமாக உட்கார்ந்திருந்தார். எதிரே செண்பகவடிவு பேசிக்கொண்டிருந்தாள். மூவரும் தரையில் குந்தி, அவர் நிழலை ஓரத்திலிருந்து சுருட்டப் பார்த்தார்கள்.

ஆவுடையப்பன் காப்பியை உறிஞ்சினார். என்ன செய்யுதிய என்று செண்பகவடிவுதான் கேட்டாள். படம் உங்களுக்கு, நெகட்டிவ் எங்களுக்கு என்று சொரிமுத்து பொறுமையாக எடுத்துச் சொன்னான்.

"இப்ப குட்டையா இருக்கே, பிடி கிடைக்காது. சாயங்காலம் நல்லா நீளும். அப்ப சுருட்டிக்கிடுங்க" என்றாள்.

நியாயமான பேச்சு என்று மூவரும் சுவர் ஓரமாகக் காத்திருந்தார்கள். நீள நீளப் பார்த்துக்கொண்டே இருந்தார்கள். இன்னும் கொஞ்சம் நீளட்டும், இன்னும் கொஞ்சம் நீளட்டும் என்று இருந்ததில் சூரியன் மலைக்குப் பின்னால் இறங்கிவிட்டது. குனிந்து பார்த்தால் முற்றத்தில் நெகட்டிவைக் காணோம்.

இசக்கி தரையைத் தடவி விரலை முகர்ந்து பார்த்தான். செண்பகவடிவு அப்போதுதான் முற்றத்தில் தண்ணீர் தெளித்துவிட்டுப் போயிருந்தாள்.

"போச்சுலே. இருட்டுனதும் இந்தப் பிள்ளை கழுவிட்டா."