ஊருக்கே கேட்ட சார்ஜர்

வேலாயுதம் சவுண்ட் சர்வீஸில் மைக், குழாய் ஸ்பீக்கர், சீரியல் பல்பு எல்லாம் வாடகைக்குக் கிடைக்கும். மூளை மட்டும் கிடையாது. இருந்திருந்தால் முதலில் வேலாயுதமே எடுத்திருப்பார்.

ஒச்சப்பர் மகள் கல்யாணத்தன்று காலையில், பாட்டெல்லாம் அடங்கியிருந்த லேப்டாப்பின் சார்ஜர் 'ஙொய்ய்' என்று முனகியது. வேலாயுதம் அதை இரண்டு தட்டு தட்டிப் பார்த்தார். இதே ஊரில் முந்தைய கல்யாணத்தில் கைதவறி ஒப்பாரியைப் போட்டுவிட்டவர் அவர். "இந்தத் தடவை தாலி கட்டுறப்ப பாட்டு நின்னுச்சு, உன் குழாயையெல்லாம் கழட்டி என் மாட்டுக்குத் தண்ணி காட்டிருவேன்" என்று ஒச்சப்பர் முன்கூட்டியே சொல்லியிருந்தார்.

வேலாயுதம் ரிப்பேர் கடை முபாரக்குக்குப் போன் போட்டார்.

"காதை ஒட்டி வெச்சாத்தான் கேக்குதுன்னா நல்ல சார்ஜர்ணே. தூரத்துல நின்னாலும் கேட்டா கோளாறு. லேப்டாப்புல இருந்து உடனே கழட்டிருங்க."

அங்கே சத்தம் கேட்கிறதா என்று பார்த்துவரக் கையாள் சிங்காரத்தை ஊர்க்கோடிக் கிணற்றடிக்கு அனுப்பினார். போனவன் திரும்பி வந்தான்.

"ஒண்ணுமே கேக்கலண்ணே."

"குழாய்க்கு அடியிலயே தூங்குறவன் நீ. உனக்கு இடியே கேக்காது."

இன்னொரு கையாள் பொன்ராசு தாடையைச் சொறிந்தான். "தூரத்துல இருக்கவனுக்குக் கேக்கணும்னா நாம என்னண்ணே பண்ணுவோம்?"

"மைக் வைப்போம்."

சிங்காரத்தை மறுபடி கிணற்றடிக்கு விரட்டிவிட்டு, சார்ஜருக்கு மைக் வைத்தார்கள். நாலு குழாயிலும் சார்ஜர் முழங்கியது. கட்டியிருந்த மாடுகள் கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடின. அவற்றுக்கும் முன்னால் சிங்காரம் ஓடி வந்தான்.

"கேக்குதுண்ணே! கெணத்துக்குள்ள எறங்கி நின்னாலும் கேக்குது!"

"அப்ப கோளாறேதான்" என்று வேலாயுதம் கண்கலங்கினார். முபாரக் சொன்னபடி லேப்டாப்பிலிருந்து மட்டும் வயரைப் பிடுங்கினார். சுவரில் சொருகியது சொருகியபடி இருந்தது, அதைப் பற்றித்தான் முபாரக் ஒன்றும் சொல்லவில்லையே.

சரியாகத் தாலி எடுத்துக் கொடுக்கும் நேரத்தில், பாதிப் பாட்டில் லேப்டாப் கண்ணை மூடியது. ஒச்சப்பர் குழாய்களை அண்ணாந்து பார்த்தார்.

"ஏதாவது சத்தம் வரணுமேடா!" வேலாயுதத்துக்கு உயிரே போய்விட்டது.

"சத்தத்துக்கு என்னண்ணே பஞ்சம்? அதான் சார்ஜர் இருக்கே!" என்றான் பொன்ராசு.

மறுபடி மைக். 'ஙொய்ய்ய்' என்ற முழக்கத்தில் தாலி ஏறியது. சுருதிப் பெட்டி என்று நினைத்து யாரோ தாளம்கூடப் போட்டார்கள். ஒச்சப்பர் குழம்பிப்போய் அட்சதை தூவினார்.

மாப்பிள்ளை மாலையும் கழுத்துமாக இறங்கி வந்தார். "ஏங்க, அந்த வயரை லேப்டாப்புல சொருகினா பாட்டே வருமே?"

வேலாயுதம் அவரைப் பரிதாபமாகப் பார்த்தார். குழாய்ச் சத்தத்தை மீறிக் கத்தினார்.

"கோளாறான சார்ஜரை எப்படி மாப்பிள்ளை சொருகுறது? என்னா சத்தம் போடுது, நீங்களே கேக்குறீங்கள்ல!"