இருட்டில் தெரிந்த பச்சை

விழித்துக்கொண்டு கேளுங்கள், இது தூக்கத்தைப் பற்றிய வழக்கு. முடிவில் உங்களிடம் ஒரு கேள்வி கேட்பேன். அப்போது தலையைச் சொறிந்துகொண்டு நிற்கக் கூடாது.

பூங்கோதைக்கு விசித்திரமான வேலை. மனிதனும் இயந்திரமும் சேர்ந்து வேலை செய்யும்போது தப்பு எந்த வழியாக உள்ளே நுழைகிறது என்று ஆராய்வது. அந்த மாதம் அவள் ரயில் டிரைவர்களைக் கவனித்துக்கொண்டிருந்தாள். ஒரு பயிற்சி நிலையத்தில் நிஜ எஞ்சினைப் போலவே ஓர் அறை கட்டியிருந்தார்கள். இருக்கை, கைப்பிடி, எதிரே பெரிய திரை. அவர்கள் தினமும் ஓட்டும் அதே தடம் திரையில் ஓடும். பூங்கோதை பக்கத்து அறையில் உட்கார்ந்து கேமரா வழியாகப் பார்ப்பாள்.

டிரைவர்களுடைய வழக்கம் ஒன்றை இங்கே சொல்லியாக வேண்டும். சிக்னல் கண்ணில் பட்டதும் டிரைவர் கையை நீட்டி அதன் நிறத்தை உரக்கச் சொல்வார். பக்கத்தில் இருக்கும் உதவி டிரைவர் தானும் பார்த்து, அதே நிறத்தைத் திருப்பிச் சொல்வார். ஒருவர் கண் ஏமாந்தாலும் இன்னொருவர் கண் பிடித்துவிடும் என்று ஏற்பாடு. அது போதாதென்று ஒரு பொத்தான் வேறு. நிமிஷத்துக்கு ஒரு தடவை அதை அமுக்காவிட்டால், டிரைவர் தூங்கிவிட்டார் என்று இயந்திரம் தானே வண்டியை நிறுத்திவிடும்.

அன்று மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு சடையாண்டியும் ஜெபராஜும் வந்தார்கள். சடையாண்டிக்கு இருபத்தெட்டு வருஷ சர்வீஸ். ஒரு கறை கிடையாது. ஜெபராஜ் அவருடைய உதவி டிரைவர். ஆறு வருஷமாக ஒரே ஜோடி, ஒரே தடம். இங்கே நடப்பது எதுவும் உங்கள் பெயரோடு வெளியே போகாது என்று பூங்கோதை இருவருக்கும் வாக்குக் கொடுத்து, கையெழுத்தும் போட்டாள். அந்த வாக்கு இல்லாவிட்டால் எந்த டிரைவர் தன் உண்மையான முகத்தைக் காட்டுவார், சொல்லுங்கள்?

ஐம்பதாவது நிமிஷத்தில் படம் காட்டும் கருவி பட்டென்று அணைந்துபோயிற்று. தடமும் இல்லை, வானமும் இல்லை. திரை முழுக்கக் கறுப்பு. இப்படி ஆனால் "படம் போச்சு மேடம்" என்று உள்ளேயிருந்து உடனே குரல் வரும். அன்று வரவில்லை. தானே போய்ச் சொல்லலாம் என்று பூங்கோதை எழுந்தாள். அப்போது ஒலிபெருக்கியில் சடையாண்டியின் குரல் கேட்டது.

"பச்சை."

பின்னாலேயே பதில் குரல். "பச்சை."

பூங்கோதை மறுபடி உட்கார்ந்தாள். கேமராவில் பார்த்தாள். சடையாண்டியின் கை கறுப்புத் திரையை நோக்கி நீண்டிருந்தது. கண் திறந்துதான் இருந்தது. கை இறங்கிப் பொத்தானை அமுக்கியது. தன் மேஜையிலிருந்த தட வரைபடத்தைப் பார்த்தாள். சிக்னல் இருக்க வேண்டியது சரியாக அந்த இடத்தில்தான். அடுத்த சிக்னலின் இடம் வந்ததும் மறுபடி கை எழுந்தது, மறுபடி இரண்டு குரல். இப்படி ஒன்பது நிமிஷம், ஏழு சிக்னல். ஒன்றுகூடத் தப்பவில்லை. இயந்திரமோ முழு விழிப்பு, முழு விழிப்பு என்று பதிந்துகொண்டே இருந்தது. கதவைத் திறந்து உள்ளே போக அவளுக்குத் துணிச்சல் வரவில்லை. உள்ளே உட்கார்ந்திருப்பது யார் என்ற பயமே வந்துவிட்டது. சும்மா சொல்லக் கூடாது, நானாக இருந்தால் படியிறங்கி ஓடியிருப்பேன்.

படம் திரும்பி வந்ததும் அவள் அடுத்த சிக்னலைச் சிவப்பாக்கினாள். சடையாண்டி கையை நீட்டிப் பச்சை என்றார். பதிலும் வந்தது. வண்டி சிவப்பைத் தாண்டியது. அபாய மணி அலறியது. அதன் பிறகு ஜெபராஜ் துள்ளியெழுந்து, "அண்ணே!" என்று கத்திக்கொண்டே பிரேக்கைப் போட்டான்.

திரை கறுத்திருந்த ஒன்பது நிமிஷத்தில் கேமராவில் பதிவான சடையாண்டியின் முகத்தை மட்டும், சத்தமில்லாமல், பூங்கோதை அவருக்குப் போட்டுக் காட்டினாள். மறுநாள் காலை ஆறு பத்து வண்டி அவருடையது. ஆயிரம் பேர் ஏறுவார்கள். விஷயம் ஆபீசுக்குத் தெரிந்தால் அவரை எஞ்சினிலிருந்து இறக்கிவிடுவார்கள். மீதிக் காலத்தை ஃபைல் தூக்கிக் கழிக்க வேண்டியதுதான். அந்த மனிதருக்கு எஞ்சினைத் தவிர வேறொன்றும் தெரியாது.

"நானே போய்ச் சொல்லிடறேன் மேடம்" என்றார்.

ஜெபராஜ் குறுக்கே விழுந்து தடுத்தான். இன்றைக்கு வண்டியை நிறுத்தியது யார், நான்தானே, பக்கத்தில் நான் இருக்கும்வரை அண்ணனுக்கு ஒன்றும் ஆகாது, கண் கொட்டாமல் பார்த்துக்கொள்கிறேன் என்று கெஞ்சினான். செய்தி கேட்டு வந்திருந்த, ஆய்வுக்குத் தலைவரான பேராசிரியை நஸீமா இருவரையுமே மறுத்தார். யாரும் வாய் திறக்கக் கூடாது, இவரே போய்ச் சொன்னாலும் நாம்தான் காட்டிக்கொடுத்தோம் என்று ஊர் பேசும், அப்புறம் ஒரு டிரைவரும் இந்தப் படி ஏற மாட்டார், பெயரில்லாமல் அறிக்கை எழுதினால் போதும் என்றார். மூவரும் பூங்கோதையைப் பார்த்தார்கள். மாலை மணி ஐந்தாகிவிட்டது.

கேட்டவர்களே, இப்போது சொல்லுங்கள். ஆறு பத்து வண்டி கிளம்புவதற்குள் பூங்கோதை யார் பேச்சைக் கேட்க வேண்டும்? மூவரில் யார் சொன்னது சரி?

விடை: சடையாண்டி சொன்னதுதான் சரி. வாக்குக் கொடுத்தவள் பூங்கோதை. அது கட்டிப்போட்டது அவள் வாயைத்தான், அவர் வாயை அல்ல. நஸீமாவின் அறிக்கையும் வேண்டியதுதான், ஆனால் அது அச்சாகி வருவதற்குள் காலை வண்டி போய்விடும். ஜெபராஜ்தான் சரி என்று சொன்னவர்கள் அரைத்தூக்கத்தில் கேட்டிருக்கிறீர்கள். இருட்டில் பச்சை சொன்ன குரல் ஒன்றல்ல, இரண்டு. அவனை எழுப்பியதும் சிவப்பு விளக்கு அல்ல, மணி. சடையாண்டி மட்டும் இறங்கிக்கொண்டால், இன்னொருவர் பக்கத்தில் இவன் அதே தடத்தில் போய்க்கொண்டிருப்பான். பூங்கோதை அவனிடம் வாதாடவில்லை. ஒலிப்பதிவை ஓடவிட்டு ஹெட்போனை அவன் காதில் மாட்டினாள். ஏழு தடவையும் பொறுமையாகக் கேட்ட ஜெபராஜ் அதைக் கழற்றி மேஜைமேல் வைத்தான்.

"அண்ணன் குரல் தெரியுது மேடம்" என்றான். "கூடப் பேசறது யாரு?"